நாலு நாள் முகாமும் ஒரு பையனின் முழங்கையும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேஸ்பால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எழுதியவை. விடுமுறை நெருங்குகிறதல்லவா, முகாம் விளம்பரங்கள் வீட்டுக்கு வீடு வந்திருக்கும். நானும் ஒன்பது வருடம் சிறுவர் அணிகளுக்குக் கோச்சாக வெயிலில் நின்றவன், ஒரு மகனை இந்த ஆட்டத்தில் வளர்த்தவன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்குக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 14 வயது. செகண்ட் பேஸில் (ஓடுகிறவர்கள் தொட வேண்டிய இரண்டாவது இடம்) ஆடுகிறான், ஆள் குறைந்தால் பிட்ச்சும் செய்வான், அதாவது பந்து வீசுவான். விடுமுறையில் நான்கு நாள் திறன் முகாம் ஒன்றுக்குப் போயே ஆகவேண்டும் என்று நிற்கிறான். என் கணவரோ, "வாரம் ரெண்டு நாள் பயிற்சி, சனிக்கிழமை மேட்ச், இதுக்கு மேல என்ன இருக்கு?" என்கிறார். எங்கள் இருவருக்கும் தெரிந்தது கிரிக்கெட்தான். இது உருப்படியான முகாமா, டி-ஷர்ட் கொடுத்து அனுப்பிவிடும் முகாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுப்பலாமா?

பதில்: முதலில் பையனிடம் ஒன்று கேளுங்கள். காரில் போகும்போது கேட்டால் நல்லது, நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் "தெரியல" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள். "நாலு நாள் முடிஞ்சு வரும்போது, இப்ப உனக்கு வராத எது வந்திருக்கணும்?" அவ்வளவுதான் கேள்வி. "டபுள் பிளேல ஷார்ட்ஸ்டாப் பந்தைப் போடுறப்ப என் கால் பேஸ்ல சிக்கிக்குது, அது சரியாகணும்" (டபுள் பிளே என்றால் ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்குவது, ஷார்ட்ஸ்டாப் என்பவன் செகண்ட், தேர்டு பேஸ்களுக்கு நடுவில் நிற்பவன்) என்கிற மாதிரி ஏதாவது வந்தால் யோசிக்காமல் அனுப்புங்கள், அவன் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டான். "நல்லா ஆடணும்" என்று மட்டும் சொன்னால் அவன் இன்னும் யோசிக்கவில்லை, ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். "ஃபிரெண்ட்ஸ் எல்லாம் போறாங்க" என்றால் அதுவும் ஒரு காரணம்தான், நான் அதைக் குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் அந்தக் காரணத்துக்கு வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் சாதாரண முகாமே போதும், திரும்பி வந்ததும் ஆட்டம் மாறிவிட்டதா என்று தேடக் கூடாது.

நாலு நாளில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறோம். ஸ்விங் மாறாது. பேட்டைச் சுழற்றும் விதம் பல ஆயிரம் முறை செய்து ஊறிப்போன பழக்கம், அதைக் கலைத்தால் மறுபடி கூடி வரப் பல வாரம் பிடிக்கும், நடுவில் ஆட்டம் கொஞ்ச நாள் மோசமாகவும் ஆகும். வியாழக்கிழமை முகாம் முடிந்து சனிக்கிழமை மேட்ச் ஆடும் பையனுக்கு மூன்று பேர் மூன்று விதமாக ஸ்விங்கைத் திருத்தியிருந்தால், அவன் பேட் செய்யும் ஹோம் பிளேட்டில் நின்று பந்தைப் பார்க்க மாட்டான், தன் முழங்கையைத்தான் பார்ப்பான்.

ஆனால் கால் வேலை வரும். உங்கள் மகன் ஆடும் இடத்துக்கு இது ரொம்பப் பொருத்தம், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பல லீகுகளில் 12 வயது வரை பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடி, பிட்ச்சர் நிற்பது 46 அடியில். அதன் பிறகு ஓரிரு வருடத்துக்குள் 90 அடி, 60 அடி 6 அங்குலம் என்று பெரியவர்களின் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். பேஸுக்கும் பேஸுக்கும் உள்ள தூரம் ஒன்றரை மடங்காகிவிடும், பையனின் கை அந்த வேகத்தில் வளராது. நேற்று வரை நின்ற இடத்திலிருந்தே ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தவன், இன்று எறிந்தால் பந்து தரையில் குத்திப் போகிறது. இந்த வயதில் அதைச் சரிக்கட்டுவது கால்தான். டபுள் பிளேயில் செகண்ட் பேஸ்மேனைக் கவனித்திருக்கிறீர்களா? பந்து வருவதற்கு முன்பே பேஸ் அருகில் வந்துவிட வேண்டும், இடது கால் பேஸைத் தொட வேண்டும், கையுறையில் விழுந்த பந்து வலது கைக்கு மாறுவதற்குள் உடம்பு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், ஓடி வருகிறவன் காலில் சறுக்கி மோதாதபடி விலகவும் வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள். இதை அணியின் பயிற்சியில் ஒரு மாலைக்கு நாலு தடவை செய்தால் அதிகம், ஏனென்றால் 13 பையன்களும் எல்லா வேலையும் செய்தாக வேண்டும். இன்ஃபீல்டுக்கென்றே, அதாவது பேஸ்களைச் சுற்றி நிற்பவர்களுக்கென்றே நடக்கும் முகாமில் ஒரு காலைக்கு 50 தடவை செய்யலாம். உங்கள் கணவர் கேட்ட "இதுக்கு மேல என்ன"வுக்கு என் பதில் இந்த ஐம்பதுதான்.

செய்யலாம் என்றுதான் சொன்னேன், செய்ய வைப்பார்களா என்பது வேறு. என் மகனை 13 வயதில் பெயர் பெற்ற ஒரு முகாமுக்கு அனுப்பினேன், பெயர் வேண்டாம். முதல் நாள் கேலரியில் உட்கார்ந்து கைக்கு வேலையில்லாமல் கையில் இருந்த ரசீதின் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன், அவன் ஒரு ஸ்விங் எடுத்தால் ஒரு கோடு. மூன்று மணி நேரத்தில் 19 கோடு. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்று சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தான். 60 பையன்களுக்கு ஐந்து பேர் கோச், அதில் இரண்டு பேர் கல்லூரிப் பையன்கள், அவர்களுக்கும் போன் பார்க்கும் வயசு. அடுத்த வருடம் 12 பேர் மட்டும் உள்ள சின்ன முகாம், விளம்பரத்தில் ஒரு நட்சத்திரத்தின் படமும் கிடையாது. அங்கே ஒரு வயதான கோச் அவன் கையுறையை நாலு நாளும் பிடுங்கி வைத்துக்கொண்டு, வெறுங்கையால் தரையோடு வரும் பந்தைப் பொறுக்க வைத்தார். வீட்டுக்கு வந்து கராஜ் சுவரில் பந்தை எறிந்து எறிந்து மூன்று வாரம் அதையே செய்தான், அந்தச் சுவரில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் பணம் கட்டும் முன் நடத்துகிறவர்களுக்குப் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை பையன்கள்? எட்டு, பத்துக்கு மேல் போனால் எனக்குத் தயக்கம் வரும். போஸ்டரில் இருக்கிற பெரிய வீரர் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் மைதானத்தில் இருப்பார்? "கடைசி நாள் வந்து கையெழுத்துப் போடுவார்" என்றால் பயிற்சிக் கணக்கில் அவரைச் சேர்க்காதீர்கள். மூன்றாவது, முடியும்போது என்ன கொடுப்பீர்கள்? வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை எழுதித் தருவோம், ஆடியதை வீடியோவில் காட்டி விளக்குவோம் என்பவர்கள் வேறு ரகம். சான்றிதழ் தருவோம் என்பவர்கள் வேறு ரகம்.

அப்புறம், நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். உங்கள் மகன் பிட்ச்சும் செய்கிறான். அமெரிக்காவின் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும், அந்நாட்டு பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின்படி 13, 14 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து. ஒரு நாளில் 21 முதல் 35 பந்து வீசினால் மறுநாள் ஓய்வு. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. இந்தக் கணக்கை முகாமின் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். சனிக்கிழமை மேட்ச்சில் 70 பந்து வீசிவிட்டு திங்கட்கிழமை முகாமுக்குப் போகிறவன், புதன்கிழமை முடியும் வரை பிட்ச் செய்யவே கூடாது, கடைசி நாளான வியாழன் மட்டும்தான் மிச்சம். முகாமில் தினமும் 25 பந்து புல்பென் (மேட்ச்சுக்கு வெளியே வீசிப் பழகுவது) என்று போட்டிருந்தால் அது இந்த ஓய்வுக் கணக்கோடு ஒத்துப்போகாது. முதல் நாளே வேகம் அளக்கும் ரேடார் கன்னை நீட்டுவார்கள், பக்கத்தில் நண்பர்கள் நிற்பார்கள், எந்தப் பையன் மெதுவாக வீசுவான்? வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது, வருடத்தில் நான்கு மாதமாவது போட்டிகளில் பிட்ச்சிங்கே இல்லாமல் இருக்க வேண்டும் என்று. அந்த ஓய்வு மாதங்களுக்கு நடுவில் முகாம் வருகிறதா என்றும் பாருங்கள்.

என் முடிவு: அனுப்புங்கள், ஆனால் இன்ஃபீல்டுக்கு மட்டும். படிவத்தில் பிட்ச்சர் என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள், அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டாலும் சரி.

கேள்வி: சார், நான் கல்லூரியில் கிரிக்கெட் ஆடியவன், வேகப்பந்து. 13 வயது மகன் பேஸ்பாலில் பிட்ச்சர். வேலிக்கு வெளியே நின்று "கையை நேரா வை, மடக்காதே" என்று சொல்லிக்கொடுப்பேன். இப்போது முகாமுக்குப் போயே தீருவேன் என்கிறான். அப்பா சொல்லிக்கொடுப்பது போதாதா?

பதில்: சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் ஓடுவது முகாமைத் தேடி இல்லை என்று நினைக்கிறேன்! கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது, அது விதி. பேஸ்பாலில் முழங்கை மடங்கி, சாட்டை மாதிரி விரிவதில்தான் வேகமே பிறக்கிறது. நீங்கள் அன்பாகச் சொல்லும் அந்த ஒரு வரி அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். உங்களிடம் இருப்பது வேறு சொத்து. கையுறை இல்லாமல் கேட்ச் பிடித்துப் பழகிய கை, உயரமாக வரும் பந்துக்குக் கீழே போய் நிற்கும் கணக்கு, இதையெல்லாம் மாலையில் பந்து போட்டுப் பிடிக்கும்போது சொல்லிக்கொடுங்கள். பிட்ச்சிங்கை அதற்கென்று இருக்கிறவர்களிடம் விடுங்கள். இந்த வயதில் நாலு நாள் முகாமைவிட வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரே கோச்சிடம் எட்டு வாரம் போவது பிட்ச்சருக்கு அதிகப் பலன் தரும் என்பது என் அனுபவம். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு, 16 வயது, அவுட்ஃபீல்டர், அதாவது பேஸ்களைத் தாண்டி வெளிப்பக்கம் நிற்பவன். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து "எங்கள் முகாமில் கலந்துகொள்ள உன்னை அழைக்கிறோம்" என்று தலைமைக் கோச்சின் கையெழுத்தோடு கடிதம் வந்திருக்கிறது. வீடே கொண்டாட்டத்தில் இருக்கிறது. விமானம், தங்குமிடம் என்று செலவு பெரிது. உதவித்தொகைக்கு இது வழியா?

பதில்: கொண்டாட்டத்தைக் கலைக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, அதன்கீழ் வரும் கல்லூரிகள் நடத்தும் முகாம் யார் வந்தாலும் சேர்க்க வேண்டியது. எண்ணிக்கை, வயது, வகுப்பு, பாலினம் என்று மட்டும் வரம்பு வைக்கலாம், திறமை பார்த்துக் கதவைச் சாத்த முடியாது. ஆக, "உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்று படித்த அந்தக் கடிதம் பெரும்பாலும் விளம்பரம். அதே மாதிரிக் கடிதம் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கும். இன்னொன்று, டிவிஷன் 1 (என்சிஏஏவின் மூன்று பிரிவுகளில் உச்சப் பிரிவு) பேஸ்பால் கோச்சுகள் பதினோராம் வகுப்பு தொடங்கும் வருடத்தின் ஆகஸ்ட் 1 வரை பையனிடம் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. அதற்கு முன் அவர்கள் அனுப்ப முடிந்ததே இப்படிப்பட்ட முகாம் அழைப்பும் பொதுவான படிவங்களும்தான். கடிதம் பத்தாம் வகுப்பில் வந்திருப்பதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம்.

அதற்காக இந்த முகாம்கள் எல்லாம் வெறும் வசூல் என்றும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கண்ணில் பட்ட பையனைக் கிட்டத்தில் பார்க்கக் கோச்சுகள் முகாமைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மகன் அந்தப் பட்டியலில் இருக்கிறானா என்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. அவனுடைய பள்ளிக் கோச்சை அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது கூப்பிட்டு அவனைப் பற்றி விசாரித்தார்களா? விசாரித்திருந்தால் டிக்கெட் எடுங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு வீடியோ எடுங்கள். பந்தைப் பிடித்து ஹோம் பிளேட்டுக்கு எறிவது, 60 கெஜ ஓட்டம், பத்துப் பன்னிரண்டு ஸ்விங், எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் போதும், பின்னணி இசை வேண்டவே வேண்டாம். அதை அவன் ஆடக்கூடிய தரத்தில் உள்ள கல்லூரிகளுக்கு அவனே எழுதி அனுப்பட்டும், நீங்கள் எழுதாதீர்கள். மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகளுக்கு அந்த ஆகஸ்ட் 1 கட்டுப்பாடு கிடையாது, பதில் சீக்கிரம் வரலாம். ஆனால் அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையும் கிடையாது, படிப்பையும் குடும்பத்தின் பணத் தேவையையும் வைத்துத்தான்.

உதவித்தொகைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாக டிவிஷன் 1 பேஸ்பால் அணி ஒன்றுக்கு 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான பணம்தான், அதை அணி முழுக்கத் துண்டு துண்டாகப் பங்கு போட்டார்கள். 2025-26 முதல், கல்லூரி விளையாட்டு வழக்கு ஒன்றில் ஏற்பட்ட சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பது மாறியது சரி, கல்லூரியின் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது மாறியதா? முழு உதவித்தொகையை மனதில் வைத்து விமான டிக்கெட் போடாதீர்கள். பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும், பெரிய மைதானத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று பையனுக்கு ஆசையிருந்து, உங்களுக்கும் கையைக் கடிக்காது என்றால், சுற்றுலா என்று நினைத்துப் போய்வாருங்கள்.

கேள்வி: அங்கிள், எனக்கு 15 வயசு, பிட்ச்சர். ரெண்டு வாரமாக வீசி முடித்த பிறகு முழங்கை உள்பக்கம் வலிக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. அடுத்த மாதம் முகாம், அப்பா பணம் கட்டிவிட்டார், திரும்பக் கிடைக்காது என்று சொன்னார். வலி முகாமுக்குள் போய்விடுமா? முழங்கையில் டாமி ஜான் ஆபரேஷன் செய்தால் முன்பைவிட வேகமாக வீசலாம் என்று டீமில் சொல்கிறார்கள், நிஜமா?

பதில்: தம்பி, உன் கடிதத்துக்குத் தபாலிலேயே தனியாகவும் பதில் போட்டுவிட்டேன், உன்னைப் போல் மறைக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். இன்றைக்கே சொல்லிவிடு. உன் வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பு வளரும் இடத்தில் இருக்கும் குருத்தெலும்பு, அதோடு ஒட்டியிருக்கும் தசைநாரைவிட மென்மையானது. வீசும்போதெல்லாம் அந்த இடம் இழுபடுகிறது. ஆரம்பத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் சில வாரம், சில மாதம் வீசாமல் இருந்தாலே ஆறிவிடும். மறைத்து வீசினால்தான் கத்தி வரை போகிறது. இளம் பிட்ச்சர்களில் அறுவை சிகிச்சை வரை போனவர்களையும் காயம் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு 2006-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆபத்து 36 மடங்கு என்று கண்டது. முப்பத்தாறு. நீ சொல்வது சோர்வு கூட இல்லை, வலி.

ஆபரேஷன் கதை பொய். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்ச்சரின் இன்னொரு கையிலிருந்து நரம்பு மாதிரி ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் வைத்துக் கட்டினார். ஜான் அடுத்த வருடம் முழுக்க ஆடவில்லை, 1976-இல்தான் திரும்பினார். ஐம்பது வருடம் கழித்தும் அந்தக் காத்திருப்பு பெரிதாகக் குறையவில்லை. அம்மா வழியில் இந்திய வம்சாவளியான பிட்ச்சர் குமார் ராக்கரை உனக்குத் தெரிந்திருக்கும், 2023 மே மாதம் அவருக்கு அதே ஆபரேஷன், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக முதல் மேட்ச் ஆடியது 2024 செப்டம்பரில். சிலர் திரும்பி வந்து வேகமாக வீசுவது உண்மை என்றால், அது அந்த ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் செய்த உடற்பயிற்சியில் வந்தது. அந்தப் பயிற்சியை ஆபரேஷன் இல்லாமலே செய்யலாமே!

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கவில்லை, ஆனால் அதுதான் உன் நிஜமான கேள்வி என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டு முடிந்ததும், டிவி போடுவதற்குள், "அப்பா, ரெண்டு வாரமா முழங்கை வலிக்குது, பணம் கட்டிட்டீங்கன்னு சொல்லாம இருந்தேன்" என்று அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல். எங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டு, டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார். உன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை, இந்தப் பக்கத்தை அவரிடமே காட்டலாம்: சார், முகாம் நடத்துகிறவர்களுக்கு டாக்டர் சீட்டோடு எழுதிக் கேளுங்கள். பணம் திருப்பித் தர மாட்டோம் என்பவர்களில் சிலர் அடுத்த முகாமுக்கு மாற்றித் தருவார்கள். மாற்றாவிட்டாலும் அந்தப் பணம் போகட்டும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது தம்பி. அதுவரை வீசாத கையால் பல் தேய்த்துப் பழகு, வீசும் கையால் எதையும் எறியாதே.